விளக்கு பிடித்த சிறுமியின் பாதி முகம்

வேலை நடுவில் யாராவது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தேவாலயத்தில் மணியடிக்கும் பெரியவர் மூன்று நாளாக அப்படித்தான் நின்றார்.

வெள்ளம் இடுப்பளவு நின்று வடிந்ததில் சுவரோவியத்தின் கீழ்ப்பகுதி பொரிந்து உதிர்ந்துவிட்டது. மிஞ்சியதை அங்குலம் அங்குலமாகப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டிச் சேர்த்து, இல்லாததை நிரப்புவது என் வேலை. முன்வரிசையில் விளக்கு பிடித்த ஒரு சிறுமிக்குப் பாதி முகம்தான் மிச்சம். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்த பாதியைப் பிரதியெடுத்து, திருப்பிப் போட்டு, மூக்கருகே இணைப்புத் தெரியாமல் இழைத்துவிட்டேன். முதல் நாளே முடிந்த அந்த முகத்தைப் பெரிய திரையில் வைத்துக்கொண்டுதான் மற்ற முகங்களுக்கு நிறம் பொருத்தினேன்.

மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது. “ஐயா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா? போய் மணி அடிங்க.”

“அது பன்னெண்டு மணிக்குத்தாம்மா,” என்றார். கொஞ்சம் தயங்கி, “இது என் பொண்ணு,” என்றார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஓவியர் அவளை எதிரே உட்காரவைத்து வரைந்தாராம். அடுத்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயசு. வீட்டிலிருந்த ஒரே போட்டோவையும் இதே வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

“நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா அவளுக்கு அந்தப் பக்கத்துக் கண்ணு கொஞ்சம் சின்னது.”

“இதை முதல் நாளே சொல்லக் கூடாதா?”

“நீங்க கோபப்படுவீங்களேன்னு இருந்துட்டேம்மா.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரின் பழைய படங்களையெல்லாம் கிளறினேன். எதிலும் அந்த மூலை விழவில்லை. வீட்டில் வேறு யாரையாவது கேட்கலாமா என்றேன். அவள் அம்மா இறந்தே ஆறு வருஷம் ஆகிறதாம்.

ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். திரையில் அந்தக் கண்ணின் இமையைக் கீழே இறக்கினேன்.

“இவ்வளவு போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

“இப்ப?”

“ரொம்ப இறங்கிடுச்சு. தூங்குற மாதிரி இருக்கா.”

ஏற்றினேன், இறக்கினேன். நடுவே போய் மணியடித்துவிட்டு வந்தார். அப்புறம் சாப்பிடக்கூட இருவரும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பதினேழு முகங்கள் சேர்ந்துவிட்டன. வரவர அவர் பேச்சு குறைந்தது. கண்ணை மூடுவார், திறந்து திரையைப் பார்ப்பார், மறுபடி மூடுவார்.

கடைசியில், “நீங்க முதல்ல போட்டதையே காட்டுங்கம்மா,” என்றார்.

காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இதுவே இருக்கட்டும்.”

“இது தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“தப்புதாம்மா. ஆனா மூணு நாளா இதையே பார்த்துட்டேன். இப்ப கண்ணை மூடினா இந்தப் பொண்ணுதான் வருது. அவ வரமாட்டேங்கிறா.”