ஐரா திரும்பி வந்த படம்

1

இந்தக் கதை எனக்கு ஹட்டன் – மஸ்கெலியா பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு பிள்ளை போனில் யாரிடமோ சொன்னது: "படம் சூப்பர்டி. ஆனா அவ திரும்பி வந்திருக்கக் கூடாது." அதோடு இறங்கிப் போய்விட்டது. மிச்சமெல்லாம் என் கற்பனை. நிலக்ஷி என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

2

விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு—

(வேண்டாம். எங்கள் பக்கத்தில் மழையில் தொடங்காத கதை எது?)

நிலக்ஷி ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்கும் அக்கா ஜீவராணிக்கும் ஒரு கார்ட்டூன் படம் என்றால் உயிர். விண்கப்பல் ஓட்டும் ஐரா, முதல் பாகத்தின் முடிவில் மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டு எரிந்துபோவாள். இருவரும் ஒரே போர்வைக்குள் அழுதார்கள்.

"ரெண்டாம் பாகத்துல வந்துருவா, பாரேன்" என்றாள் அக்கா.

"செத்தவ எப்படி வருவா?" என்று நிலக்ஷி சண்டைக்குப் போனாள்.

இரண்டாம் பாகம் வருவதற்குள் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை மூடியது. காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்த அக்கா உள்ளே. உடல் கிடைக்கவில்லை.

(இவ்வளவு சுருக்கமாகவா ஒருத்தியைச் சாகடிப்பது? விரித்து எழுதப் பார்த்தேன். கை ஓடவில்லை.)

3

இப்போது தாயும் மகளும் கோயில் மண்டபத்தில் தங்கியிருக்கிறார்கள். அங்கேதான் நிலக்ஷி இரண்டாம் பாகத்தைப் போனில் பார்த்தாள். வரைந்திருந்த அழகைச் சொல்லி மாளாது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு ஐராவின் ஞாபகங்களையெல்லாம் ஓர் இயந்திரத்தில் போட்டார்கள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள் ஐரா.

நிலக்ஷிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு லேசா? போனை வீசப் போனவள், அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

4

உடல் கிடைக்காவிட்டால் உடுப்பைப் புதைப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். அக்காவுடையதென்று மிஞ்சியது, தையல்கடையில் கிடந்த ஒரு பச்சைச் சுடிதார் மட்டும். அம்மா அதை மடியில் வைத்திருக்கிறாள்.

"நாளைக்கு இத குழியில வச்சிருவோம்மா. கூடப் பொறந்தவ நீதான் மொத மண்ணு போடணும்."

"ஒரு மலையே அவ மேல கெடக்கும்மா. நா வேற போடணுமா?"

"போடாட்டி அவளுக்கு ஏது போக்கிடம்? தெனம் அவளுக்கும் சேத்து சோத்த எடுத்து வைக்கிறேன். எனக்கு முடியல, நிலா. போடுவியா, மாட்டியா?"

5

முதல் முடிவு: நிலக்ஷி தலையாட்டுகிறாள். (எழுதினேன். அவள் தலையை நான் பிடித்து ஆட்டியதுபோல் இருந்தது.)

இரண்டாவது: சுடிதாரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். (எங்கே ஓடுவாள்? மண்டபத்தை விட்டால் மழை.)

மூன்றாவது: மண்டபத்து வாசலில், உடம்பெல்லாம் சேறாக, ஜீவராணி—

(எனக்கு இயந்திரம்கூட வேண்டாம். ஒரு வரி போதும். ஆனால் நிஜமாகவே சோற்றை எடுத்து வைத்துக் காத்திருக்கும் தாய்மாரும் இதைப் படிக்கக்கூடும். நிறுத்திவிட்டேன்.)

அம்மா கேட்டது கேட்டபடி நிற்கிறது. பதிலை நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம், நிலக்ஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.