ஏழாவது அட்டை

ஒன்பது மணிக்கு வரச்சொன்ன மாநகராட்சிக் கூடத்தில் பத்தரை ஆகியும் அதிகாரிகள் யாரையும் காணோம். நடைபாதைக் கடைக்காரர்கள் பதினான்கு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தது. தையல்காரி எழுந்து போய் ஓர் உறையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். தையல் கோணலாக ஓடியிருந்தது.

"இங்கயும் வேலை தேடுறியா தங்கச்சி?" என்றார் பூட்டுக்காரர். பேருந்து நிலையச் சுவரோரம் அவளுடைய மிஷினுக்குப் பக்கத்தில் ஒன்பது வருஷமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறவர்.

எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். நகரத்தில் தொழில் வளர எதை முதலில் செய்ய வேண்டும் என்று மக்களே சொல்லலாம் என்ற அறிவிப்பைப் படித்துச் சொன்னவளும் அவள்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அவள் கணவன் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. சுவரோரத்து ஆறடி இடம் நிலைத்துவிட்டால் வீட்டில் அடுப்பெரியும். அது போனால் எல்லாம் போச்சு.

ஒருவழியாக அதிகாரியம்மா வந்தார். ஊர்ப் பெரிய மனிதர்களால் முன்வரிசையும் நிறைந்தது. ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர்கள் கொடுத்தார்கள். சுவரில் எட்டு அட்டைகள் தொங்கின. எது முக்கியமோ அதில் ஒட்ட வேண்டும். ஏழாவது அட்டையில் 'நடைபாதைக் கடைகளை ஒழுங்குபடுத்துதல்' என்றிருந்தது.

"மேடம், இது எங்களுக்குத்தானே?" என்று தையல்காரி கேட்டாள்.

"உங்களப் பத்தினதுதாம்மா," என்றார் அதிகாரியம்மா, போனைப் பார்த்தபடி.

பூட்டுக்காரர் காதோடு கேட்டார். "ஒழுங்குபடுத்துறதுன்னா என்ன பண்ணுவாங்க?"

"கோணலா இருக்கிற ஓரத்த நேர் பண்றதுண்ணே. கடைக்கு நம்பர் போட்டு, அடையாள அட்டை குடுத்து, மேல கூரை போடுவாங்க. மூணையும் அதுலயே ஒட்டுங்க. சிதறடிச்சிடாதீங்க."

நாற்பத்திரண்டு ஸ்டிக்கர்களும் ஒரே அட்டையில் ஏறின. முன்வரிசைக்காரர்கள் ஆளுக்கொரு அட்டையில் ஒட்டியதால் ஏழாவதுதான் முதலிடம். எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பும் வழியில் பூட்டுக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "நீ எலெக்‌ஷன்லயே நிக்கலாம் போ," என்றார். அவளுக்கு அன்று கால் தரையில் படவில்லை.

மூன்றாம் வாரம் பேருந்து நிலையச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வழக்கம்போல் அவளைத்தான் படிக்கச் சொன்னார்கள். பொதுமக்கள் முதலிடம் தந்த கோரிக்கையை ஏற்று, நடைபாதைக் கடைகள் அனைத்தும் திங்கட்கிழமை அகற்றப்படும். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட தேவலை.

"நாமதானே ஒட்டினோம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூட்டுக்காரர் அரத்தைக் கையில் எடுத்தார்.

அவள் மாநகராட்சிக்கு ஓடினாள். அதிகாரியம்மா கோபப்படவே இல்லை. "பெரும்பான்மை முடிவும்மா. எங்களால மாத்த முடியாது. பாருங்க, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவர் நீட்டிய அன்றைய வருகைத் தாளில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது.

திங்கட்கிழமை காலை லாரி வந்தது. தொழிலாளிகள் தார்ப்பாய்களை அவிழ்த்தார்கள். பூட்டுக்காரரின் பூட்டுகளையும் சாவிகளையும் ஒரே சாக்கில் கொட்டினார்கள். தையல் மிஷினைத் தூக்க வந்தவன் தயங்கி நின்றான். அவனுடைய சீருடைச் சட்டை அக்குளில் கிழிந்திருந்தது.

"அக்கா, கிழிஞ்ச சட்டையோட வந்தா வேலை கிடையாதுங்கிறாரு சூப்பர்வைசர். ஒரு தையல் போட்டுக் குடுத்துடுங்க. அப்புறம் தூக்கிக்கிறோம்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவனும் வயிற்றுக்கில்லாதவன்தான். சட்டையை வாங்கி, சீருடை நிறத்துக்கு நூல் மாற்றி, மிதித்தாள். பிரியாமல் இருக்க இரட்டைத் தையலாகப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து நீட்டினாள்.

அவன் மாட்டிக்கொண்டு கையை உயர்த்திப் பார்த்தான். தையல் நன்றாகப் பிடித்திருந்தது. பிறகு குனிந்து, மிஷினின் அந்தப் பக்கத்தைப் பிடிக்க இன்னொருவனைக் கூப்பிட்டான்.