ஆதரித்தவர் மட்டும் வாய் திறக்கலாம்

அமெரிக்காவின் ஒஹாயோவில் நீதிபதியையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் கட்சியின் மாவட்டக் குழுவில் நாற்பது பேர். அதில் என் பங்கு சிரிக்க வைப்பது. வேறெதற்கும் என்னை யாரும் நம்பியதில்லை. ஜூனில் என் நண்பன் லைல் ஹாஸ்கெட்டை நீதிபதி வேட்பாளராக முன்மொழிந்தபோதும் ஒரு ஜோக்கோடுதான் முன்மொழிந்தேன். குழுவின் ஓட்டில் அமோகமாக ஜெயித்து வேட்பாளரானான்.

ஆகஸ்டில் வந்தது வினை. தற்காலிக நீதிபதியாக இருக்கும் லைல், குற்றவாளிக் கூண்டில் நின்றவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான். அதைப் பதிவிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறான். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ரெனாட்டா மறுத்ததும், அவரை அடித்தளத்துப் பழைய கோப்பு அறை வேலைக்குத் தள்ளிவிட்டான். அவர் புகார் கொடுத்தார்.

வேட்பாளரை மாற்றத் திங்கட்கிழமை கடைசி நாள். சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலையத்தில் சாப்பாட்டோடு கூடினோம். ஜூன் முடிவை மறுபடி ஓட்டுக்கு எடுக்க வேண்டுமென்றால், அன்று அதை ஆதரித்த ஒருவர்தான் கேட்க வேண்டும். எங்கள் விதி அப்படி. எதிர்த்தவர்கள் துடித்தார்கள், ஆதரித்தவர்கள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை ஆராய்ந்தார்கள்.

"இப்ப ஆளை மாத்தினா எதிர்க்கட்சிக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான்," என்றான், லைலுக்கு ஊரெங்கும் பிரசாரப் பலகை நட்ட ஹாங்க்.

பின்வரிசையில், பார்வையாளராக வந்திருந்த ரெனாட்டா எழுந்தார். "உங்க பரிதாபம் எனக்கு வேண்டாம். அவர் பேசினத பேசினபடி எழுதினேன். என் நாற்காலி எனக்குத் திரும்ப வேணும். அவ்வளவுதான்."

லைல் கூரையைப் பார்த்தான்.

"ஆதரிச்சவங்க யாருமே இல்லையா?" என்றார் தலைவி டோரீன்.

எழுந்தேன். நான் வாய் திறப்பதற்குள் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

"சிரிக்காதீங்கப்பா. நிஜமாத்தான் சொல்றேன். லைல் விலகணும்."

வழிமொழிய ஆளில்லை. கடைசியில் ஹாங்க், "சரி, பலகைய நானே பிடுங்கிக்கிறேன்," என்று கையைத் தூக்கினான்.

விலகச் சொல்லி இருபத்து நான்கு ஓட்டு, எதிர்த்துப் பதினாறு. ஆனால் விலகல் தாளில் லைல் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த ஓட்டுக்கு மதிப்பில்லை. அவன் விருட்டென்று வெளியேறினான். வாகன நிறுத்தத்தில் போய்ப் பார்த்தால் என் வண்டிக் கதவருகே நிற்கிறான். வரும்போது நான்தானே ஏற்றி வந்தேன்!

மூன்றாவது சிக்னலில் என் பக்கம் திரும்பினான்.

"முதுகுல குத்திட்டு டிரைவர் வேலையும் பாக்குறியேடா."

"நடந்து போறியா?"

"மூடிட்டு ஓட்டு." வீடு வந்தும் அவன் இறங்கவில்லை. "அவ எழுதினது ஒரு எழுத்து பிசகல. நான் அப்படித்தான் திட்டினேன்."

என்ஜினை அணைத்தேன்.

"தேர்தல் ஆபீஸ் எப்ப திறக்கும்?"

"திங்கள் எட்டு மணிக்கு."

"ஏழுக்கே வாடா. விட்டா மனசு மாறிடும்."

திங்கள் காலை ஆறே முக்காலுக்கே அவன் வீட்டுக்குப் போனேன். டை கட்டி வாசலில் நின்றிருந்தான், கையில் இரண்டு தாள்களோடு. ஒன்று விலகல். மற்றது நீதிமன்றத் தலைமை எழுத்தருக்கு: ரெனாட்டாவின் பதிவு சரி, இன்றே அவரை நீதிமன்ற அறைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

"எத முதல்ல கொடுக்கப்போற?" என்றேன்.

"அவளோடத."