ஒரே வீட்டில் இருந்தவர்

சூடு ஆறாமல் துவாயில் சுற்றிய கஞ்சிப் பாத்திரத்தோடு நித்தியானந்தன் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தபோது, கண்ணாடிக் கதவடியில் தாதி அவனை மறித்தாள். நோயாளியின் நிலைமை மோசம், இனி உறவினர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றாள். அவனுக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பிறகு, நீங்கள் உறவினரா என்று கேட்டாள்.

"நைன்," என்றான் நித்தியானந்தன், இல்லை என்று ஜெர்மனில்.

யோசித்துச் சொல்லவில்லை. பதினாலு மாதமாகச் சொல்லிப் பழகிய பதில், கேட்ட வேகத்தில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. தாதி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அதற்கு அப்பால், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர் அவனைப் பெற்ற தகப்பன்.

அவளைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடத்தான் வாயைத் திறந்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை பேர்ணில் அகதி வழக்கின் இரண்டாவது விசாரணை என்ற நினைப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தான், எழும்பினான், தாழ்வாரத்தின் அந்த நுனி வரை நடந்தான், திரும்பி வந்தான். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்த டாக்குத்தர் அவனைப் பார்க்கவேயில்லை. கையிலிருந்த படிவத்தைப் பார்த்து, அதில் அறிவிக்க வேண்டியவர் என்று எழுதியிருந்த பாலசிங்கம் என்பவரின் தொலைபேசி இலக்கம் சரிதானா என்று தாதியிடம் கேட்டார். அதிலிருந்துதான் அப்பா செத்துவிட்டார் என்று நித்தியானந்தனுக்குத் தெரிந்தது.

எண்பத்துநாலில் சுவிசுக்கு வந்து இறங்கியபோது ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த கதைதான் எல்லாவற்றுக்கும் காரணம். தகப்பனை ஆமி சுட்டுப்போட்டது என்று சொல், கேஸ் நிற்கும் என்றான். நித்தியானந்தன் சொன்னான். சொல்லும்போது அழுகைகூட வந்தது. அதிகாரி தட்டச்சு செய்த தாளின் கீழே கையெழுத்தும் வைத்தான். ஏழு மாதத்தில் ஆமி உண்மையாகவே பஸ்ஸை மறித்து, அதில் கொண்டக்டராக இருந்த அப்பா சிவலிங்கத்தை முகாமுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் அடித்தது. அம்மா இரத்தினம்மா இருந்த காணியை ஈடு வைத்து அவரை அனுப்பிவிட்டாள். செத்த தகப்பன் மொஸ்கோ, கிழக்கு பெர்லின் வழியாக உயிரோடு வந்து நின்றார்.

இவர்தான் அந்தத் தகப்பன் என்று சுவிஸ்காரருக்குப் பிடிபடவில்லை. நமது ஆட்கள் தகப்பன் பெயரை முன்னால் போடுவதால், பத்திரத்தில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறொரு குடும்பப் பெயர். சிவலிங்கம் என்று ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் பேர்ணில் மொழிபெயர்க்கிறவர்கள் நம்மவர்கள்; ஒருவர் காதில் விழுந்தால் போதும். ஆகவே ஒரே வீட்டில் இருந்த மற்ற ஆறு பேருக்கும் அவன் சொல்லவில்லை. ஒரே ஊர், தெரிந்த மனுஷன், அவ்வளவுதான். அப்பாவை 'ஐயா' என்று கூப்பிட்டான். அப்பாவுக்குச் சிரமமே இருக்கவில்லை. எப்போதும்போல 'தம்பி' என்றார்; ஊரில் அது மகனுக்கும் பொருந்தும், தெருவில் போகிறவனுக்கும் பொருந்தும்.

"நான் செத்து ஒரு வருசமாச்சு தம்பி. இனி எனக்கு ஒரு வருத்தமும் வராது," என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவர் ஒருமுறை சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வின்டர்தூரிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில், ஆற்றோரம் பழைய நூலாலைகளைச் சுற்றி வளர்ந்த சின்ன நகரத்தில்தான் அவர்கள் இருந்தார்கள். மூடிக்கிடந்த ஒரு சத்திரத்தைத்தான் நகரசபை அவர்களுக்குக் கொடுத்திருந்தது. நித்தியானந்தனுக்கு அந்த இடத்தில் கால் தரிக்கவில்லை. போகிற ஆளுக்கு எதற்கு என்று தலையணைகூட வாங்காமல், கம்பளிச் சட்டையை மடித்து வைத்துப் படுத்தான். சூட்கேசிலிருந்து உடுப்பை எடுப்பான், உடுத்து, தோய்த்து, திரும்ப சூட்கேசிலேயே வைப்பான். கால்மணிக்கொருதரம் அடிக்கிற கோயில் மணி அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய், எங்கும் போகாமல் ரயில்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

வயது போன மனுஷனோ மூன்றாம் மாதமே ஊர்க்காரர் ஆகிவிட்டார். தோய்க்கிற அறைத் திறப்பு எந்தக் கிழமை யாரிடம் இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மஞ்சள் தபால் பஸ்ஸில் முன் ஆசனத்தில் ஏறி, கடைசித் தரிப்புவரை போய்த் திரும்பி வருவார். சாரதிக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஜெர்மன் தெரியாது. இருவரும் வழிநெடுக ஏதோ கதைத்துக்கொண்டுதான் போவார்கள். முப்பது வருசத்தில் தன்னுடைய பஸ் ஒரு நாளாவது நேரத்துக்குப் போனதில்லை, இவன் ஒரு நிமிஷம் பிந்தினால் மன்னிப்புக் கேட்கிறான் என்று வீட்டில் வந்து பெருமையடிப்பார், ஏதோ அந்தச் சாரதி அவர் வளர்த்த பிள்ளை மாதிரி. யாராவது குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், "மகன் ஒருத்தன் இருக்கிறான். நல்ல பிள்ளை. தூரத்தில இருக்கிறான்," என்பார். நித்தியானந்தன் அதே குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பான்.

செவ்வாய்க்கிழமை செத்தவருக்கு வெள்ளிக்கிழமைதான் எரிப்பு என்று நகரசபையில் நாள் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் பாலசிங்கம் அண்ணைதான் பார்த்தார். அப்பாவுக்கு அடுத்து அந்த வீட்டில் மூத்தவரும் அவர், ஜெர்மன் தெரிந்தவரும் அவர். ஷ்லீரனிலிருந்தும் சூக்கிலிருந்தும் ஆட்கள் போன் எடுத்து அவருக்குத்தான் அனுதாபம் சொன்னார்கள். நித்தியானந்தனிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்துப் பாலசிங்கத்தைக் கூப்பிட்டுக் கொடுப்பது அவன் வேலையாக இருந்தது.

வியாழன் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாலசிங்கம் கையைக் கழுவிவிட்டு வந்து எல்லோருக்குமாகச் சொன்னார்.

"மகன் ஊரில. அவர் வந்து செய்யிற காரியம் இல்லை. அந்த மனிசனை அநாதையா விடேலாது. வாய்க்கரிசி நான் போடுறன். அங்க கொள்ளிக்குப் பதிலா ஒரு பொத்தானாம், ஒருத்தரை அமத்த விடுவினமாம். அதையும் நானே செய்யிறன்."

நல்ல மனுஷர். அதுதான் நித்தியானந்தனுக்குத் தாங்க முடியவில்லை. கோபிக்கக்கூட ஒரு ஆள் இல்லை. பொய் சொன்ன வாய்க்கு ஏதாவது ஒரு தண்டனையைக் கொடுக்கலாம் என்றால், அதே வாயால்தான் சோறும் தின்ன வேண்டியிருக்கிறது. கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு தபால் கந்தோருக்கு நடந்தான்.

கோப்பாய்ச் சந்திக் கடைக்கு லைன் கிடைக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. தந்தி ஏற்கெனவே போயிருந்ததால் அம்மா கடையிலேயே காத்திருந்தாள். பக்கத்தில் அவன் மனைவி தில்லைநாயகி விசும்புவது கேட்டது. அவளையும் நாலு வயது மகளையும் கூப்பிடுவதென்றால் செவ்வாய்க்கிழமை நல்லபடி முடிய வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் இவ்வளவு பொய்யும். அம்மா அழவில்லை. அழுது முடித்திருக்க வேண்டும்.

"கடைசி நேரம் நீ பக்கத்தில நிண்டனியோ?"

"ஓம் அம்மா."

"நீதானே கொள்ளி வைக்கிறாய்?"

"நான்தான் அம்மா."

"அப்ப சரி," என்றாள் அவள். லைன் அறுந்தது.

அந்த இரண்டு பொய்யில் ஒன்றை இனி ஒன்றும் செய்ய முடியாது. மற்றதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

வெள்ளி காலையில் எல்லோரும் வேனில் ஏறினார்கள். ஹோட்டலில் சொல்லிவிட்டு ரயிலில் வருகிறேன் என்று அவன் நின்றுவிட்டான். ஹோட்டலுக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த இத்தாலிக்காரரின் சலூனுக்கு முன்னால் மூன்று தரம் அப்படியும் இப்படியும் நடந்தான். சுவிஸ் அதிகாரிக்கு மொட்டை ஒரு மொட்டைதான், பேன் பிடித்தது என்று சொன்னாலும் நம்புவான். ஆனால் விசாரணையில் பக்கத்து நாற்காலியில் இருக்கப்போகிற மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். மொட்டையையும் வழித்த மீசையையும் ஒன்றாகக் கண்டதும் தகப்பனுக்குக் காரியம் செய்த பிள்ளை என்று அவருக்குத் தெரிந்துவிடும். எண்பத்துநாலில் செத்த தகப்பனுக்கு எண்பத்தாறு பங்குனியில் மொட்டையா என்று கேட்கவும் தெரியும்.

உள்ளே போய் நாற்காலியில் இருந்தான். தலை முழுக்க என்று கையால் காட்டினான். இத்தாலிக்காரர் வெளியே பெய்கிற பனிமழையைக் காட்டி, குளிருமே என்றார். நித்தியானந்தன் மீசையையும் தொட்டுக் காட்டினான். அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, நிச்சயமாகவா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மைன் ஃபாட்டர்," என்றான் அவன். அடுத்த சொல் வர நேரமெடுத்தது. "டோட்."

அந்த நாட்டில் அப்பா செத்துவிட்டார் என்று உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. இத்தாலிக்காரர் வானொலியை நிறுத்தினார். அவன் தோளில் ஒரு கையை வைத்தார். பிறகு வெந்நீரில் துவாயை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து தலையில் சுற்றினார். கண்ணாடியில் தெரிந்த முகம் அழுதுகொண்டிருந்தது. அவன் துடைக்கவில்லை.

வின்டர்தூர் எரிகூடத்தின் மண்டபத்துக்குள் அவன் நுழைந்தபோது பதினைந்து பேர் மட்டில் நின்றார்கள். ஓவர்கோட்டுக்குக் கீழே வேட்டி தெரிய, அரிசித் தட்டோடு பெட்டியின் தலைமாட்டில் நின்ற பாலசிங்கம் காலடிச் சத்தத்துக்குத் திரும்பினார். அவனுடைய தலையைப் பார்த்தார். மீசையில்லாத மேலுதட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தார். திரும்பவும் அவனைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அவன் நடந்து அவருக்குப் பக்கத்தில் போனான்.

"வாற செவ்வாய் எல்லே உனக்கு பேர்ண்?" பாலசிங்கம் மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"ஓம் அண்ணை."

"அதுக்குள்ள முளைக்காது."

"ஓம்."

அவர் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரம் போய் மற்றவர்களோடு நின்றுகொண்டார்.

நித்தியானந்தன் அரிசியை அள்ளினான். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. கொஞ்சம் அப்பாவின் உதட்டில் விழுந்தது, மிச்சம் பெட்டிக்கு வெளியே சிந்திப் பளபளத்த தரையில் ஓடியது. கறுப்புக் கோட்டுப் போட்ட எரிகூடத்து மனிதர் உடனே முழங்காலில் நின்று, அந்த மணிகளை ஒன்று விடாமல் பொறுக்கி, எழுந்து, உள்ளங்கையில் வைத்து அவனிடம் நீட்டினார். அவன் அதையும் வாங்கிப் போட்டான்.