முதல் தொட்டிக்குச் சுத்திப் போட்ட உப்பு

மரக்காணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு. அந்த உப்பளத்தை ஒட்டியே ஒரு தடுப்பூசி ஆய்வுக்கூடம் வந்தது. அதற்கு வேண்டிய உப்புத்தண்ணீர் மட்டும் சீல் வைத்த புட்டிகளில் விமானமேறி வந்தது. கேட்டால் சுத்தம் முக்கியம் என்றார்கள். முக்கியம்தான், யார் இல்லையென்றது?

அங்கே சோதனைக்கு இருந்தவை விரல் நீளம்கூட இல்லாத நன்னீர் வரிமீன்கள். புதுக் காய்ச்சல் ஊசியை மனிதருக்குப் போடும் முன் மீனுக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். நோயை எதிர்ப்பதில் மீனுக்கும் நமக்கும் நிறைய ஒற்றுமை உண்டு. தவிர, குஞ்சு மீனின் உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே நடப்பது வெளியிலிருந்தே தெரியும். மனிதர்களிடம், அதிலும் டைரக்டர்களிடம், இந்த வசதி கிடையாது.

முதல் தொட்டி மீன்களுக்குத் தடுப்பூசி. இரண்டாம் தொட்டி மீன்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத அந்த விமான உப்புத்தண்ணீர் ஊசி. பிறகு இரண்டு தொட்டியிலும் நோய்க்கிருமியைக் கலந்துவிட்டு, எது பிழைக்கிறது என்று பார்ப்பார்கள். பார்ப்பது நிவேதாவின் வேலை. கிளியனூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிற பெண். சோதனை வெற்றியானால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள்.

சோதனை வெற்றியானது. சாதாரண வெற்றியா? முதல் தொட்டியில் மீன்கள் துள்ளின, இரண்டாம் தொட்டியில் செத்து மிதந்தன. மறுபடி செய்தார்கள், மறுபடியும் அப்படியே. டைரக்டர் பக்தவச்சலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்த விருந்தாளிகளையெல்லாம் முதல் தொட்டிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். அடுத்து மனிதர்களுக்கு ஊசி போடும் கட்டம். உப்பளக் குடியிருப்பிலேயே ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் பெயர் கொடுத்தவள் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலம்மாள். தன் பெயரை அல்ல, மகன் கார்த்திகேசன் பெயரை.

"நம்ம மீனே பொழச்சிக்கிச்சே பாப்பா. எம் புள்ளைக்கு இன்னா ஆவப்போவுது? இனிமே காய்ச்சல் வூட்டுக்கு அவனையே ஒத்தாசைக்கு அனுப்பலாம்," என்றாள் நிவேதாவிடம். நிவேதாவுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு உறுத்தல். முதல் தொட்டித் தண்ணீரில் உப்பு அதிகம் என்று மீட்டர் காட்டிக்கொண்டே இருந்தது. "இந்த ஊர்க் காத்துக்கு மீட்டர் கெட்டுப்போச்சும்மா," என்று டைரக்டர் சொல்லிவிட்டார். மரக்காணத்தில் எது துருப்பிடித்தாலும் பழி காற்றுக்குத்தான்.

சோதனையைப் பார்வையிட மேலிடக் குழு வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறந்து வைத்த டிபன் டப்பாவை எடுக்க நிவேதா திரும்பிப் போனாள். வேலம்மாள் முதல் தொட்டிக்கு முன்னால் கை நிறையக் கல்லுப்போடு நின்றிருந்தாள். தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, வந்தவங்க கண்ணு, போனவங்க கண்ணு" என்று முணுமுணுத்து, தூ தூ என்று துப்பி, உப்பைத் தொட்டியிலேயே போட்டாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"திருஷ்டி கழிக்கறேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது பாப்பா. எவ்ளோ பேரு வந்து இதுங்கள உத்து உத்துப் பாக்கறாங்க! சுத்துன உப்பத் தண்ணியிலதான கரைக்கணும்? தண்ணி இங்கயே இருக்குது."

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

"பின்ன?"

"இரண்டாம் தொட்டிக்கு?"

"அத யாரு பாக்கறாங்க? பாக்காததுக்கு எதுக்குத் திருஷ்டி?"

மீட்டர் கெட்டுப்போகவில்லை என்று நிவேதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நன்னீர் மீனுக்கு நோய் கண்டால் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போடுவது மீன் வளர்க்கிறவர்கள் எல்லாரும் செய்யும் வைத்தியம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதைக் கேட்டுத்தான் அந்த மீன்கள் இத்தனை நாள் துள்ளியிருக்கின்றன. ஊசி வேலை செய்ததா என்பது யாருக்கும் தெரியாது. வேலை செய்யுமா என்றே தெரியாத ஊசியை நம்பி, நாளை காய்ச்சல் வீட்டுக்குள் தைரியமாக நுழையப்போகிறவன் கார்த்திகேசன்.

டைரக்டரிடம் ஓடினாள். அவர் அறை வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் தொங்கின. வாராவாரம் வேலம்மாள் கட்டுவது.

"விஞ்ஞானக் கூடத்துல மூடநம்பிக்கையைப் பத்தி ரிப்போர்ட் எழுதச் சொல்றியா?" என்றார் பக்தவச்சலம். "ஊசி வேலை செய்யலன்னா மனுஷங்களுக்குப் போடறப்போ தெரிஞ்சிடப்போவுது. உன் நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு. வாய மூடிக்கினு இரு."

திங்கட்கிழமை குழு வந்தது. முதல் தொட்டியைப் பார்த்து வியந்தது. நிவேதாவுக்கு அழுகையும் பயமும் சேர்ந்து வந்தன. வேலை போகும் என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வேலம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் வெட்கப்படாமல், சுற்றியும் காட்டினாள்.

அறையைப் பூட்டி, உப்பில்லாமல் சோதனையை மறுபடி நடத்தினார்கள். இந்தத் தடவை இரண்டு தொட்டியிலும் மீன்கள் மிதந்தன. ஊசி கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. நல்லதும் ஒன்றும் செய்யவில்லை.

வேலம்மாள் நிவேதாவிடம் சண்டைக்கு வந்தாள். "ஒம் பேச்சக் கேட்டு ரூமப் பூட்டி, என்ன உப்பு போட வுடல. பாரு, அத்தினியும் செத்துப்போச்சி!"

"ஊசி போட்டும் செத்துப்போச்சுக்கா. கார்த்திக்குப் போட இருந்ததும் இதே ஊசிதான்."

வேலம்மாள் மிதந்த மீன்களையே பார்த்தாள். பிறகு கார்த்திகேசன் பெயரை வாபஸ் வாங்கப் போனாள். அதற்கு அவசியமில்லாமல், மனிதர்களுக்கு ஊசி போடும் கட்டத்தையே நிறுத்தியிருந்தார்கள்.

நிறுத்தியதோடு நிவேதாவின் வேலையையும் நிறுத்தினார்கள். பக்தவச்சலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. டைரக்டர்களுக்கு ஏதோ ஒரு தடுப்பூசி உண்டு, அது மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

கடைசி நாள் நிவேதா பையோடு கிளம்பியபோது வேலம்மாள் வாசலில் மறித்தாள். கிழக்கே பார்த்து நிற்கவைத்து, கல்லுப்பால் மூன்று சுற்றுச் சுற்றினாள். மீட்டரை நம்பும் அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் நின்றாள். கண் கலங்கியது. உப்பை இந்த முறை ஒரு வாளித் தண்ணீரில் போட்டாள் வேலம்மாள்.

அந்நேரம் பக்தவச்சலம் வெளியே வந்தார். தன் அறை வாசலை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்த வாரம் எலுமிச்சம்பழம் கட்டலையா?"

"அவுத்துட்டேன் சார்," என்றாள் வேலம்மாள், வாளியைத் தூக்கிக்கொண்டே. "இனிமே ஒங்க மேல யாரு சார் கண்ணு வெக்கப்போறாங்க?"