நான்காம் திரையில் ஒரு பெண்

1
இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்காவின் கணவர் சொன்ன ஒரு வரியிலிருந்து திருடினேன்: "அடுத்து என்ன ஆகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்டா."

அத்தான், பெரிய கடைவளாகம் ஒன்றில் கண்காணிப்புக் கேமரா பார்ப்பவர். பதினாறு திரைகள், சத்தமே கிடையாது. சாம்பல் நிற மனிதர்கள் மிதந்து வருவார்கள், போவார்கள். எல்லோருக்கும் மனதுக்குள் ஒரு கதை கட்டிவிடுவார். செருப்புக்கடை வாசலில் தினமும் நிற்கும் குடைக்காரருக்கு, ஓடிப்போன மகள் ஒருத்தியையே கொடுத்திருந்தார்.

2
[முதல் தொடக்கம்: "மனிதன் ஏன் கதைகளுக்குள் ஓடி ஒளிகிறான் என்றால்" – அடித்துவிட்டேன். மேடைப்பேச்சு வாடை.]

அத்தான் இதைவிட நன்றாகச் சொன்னார்: "திரையில இருக்கறவங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்கடா."

3
அன்று மதியம் நான்காம் திரையில் ஒரு பெண் மாடிப்படியில் உட்கார்ந்தாள். பையை இறக்கி வைத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். யாரோ வரவில்லை போல, என்று அத்தான் கதை கட்ட ஆரம்பித்தார். அவள் சரிந்த பிறகுதான் அது தன் வீட்டுப் பை என்று உறைத்தது.

அவர் மறந்துபோன சாப்பாட்டைக் கொண்டுவந்த என் அக்கா.

(பயப்படாதீர்கள், பிழைத்துவிட்டாள். பதிவை ஓட்டிப் பார்த்து, "நாப்பது வினாடி பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்" என்று அவளிடம் அத்தானேதான் சொன்னார். மருத்துவமனையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவரோடு பேசுவதில்லை.)

4
"கதையிலயாவது நான் உடனே எந்திரிச்சு ஓடற மாதிரி எழுதுடா" என்று அத்தான் போனில் அழுதார்.

முடிவு ஒன்று: ஓடுகிறார். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: அக்கா மன்னிக்கிறாள். அவளைக் கேட்காமல் மன்னிக்க நான் யார்?

முடிவு மூன்று: அத்தான் வேலையை விட்டுவிட்டு

5
அதோடு நிறுத்தி, அக்காவிடமே கொடுத்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

"அப்புறம்?" என்றாள்.

தீய்ந்த வாடை வந்தது. பால் பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, தரைக்கும் வந்திருந்தது. அணைத்துவிட்டு, துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எத்தனை வினாடிடா இருக்கும்?"

நான் எண்ணவில்லை. அடுத்து என்ன செய்வாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணியைக் கீழே வைத்தாள். போனை எடுத்தாள்.

முடிவு வேண்டுமென்றால் நான் இங்கேயே நின்று பார்க்க வேண்டும். வெளியே போகிறேன். நீங்களும் வந்துவிடுங்கள்.