ஸ்ரான்லி பாஸுக்குக் கேட்காத சத்தம்

ஹம்சிகா ரீச்சரின் கார் போட்ட சத்தத்தில், வெள்ளவத்தையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் குடியிருந்த தொடர்மாடியில் வெந்துகொண்டிருந்த இடியப்பமெல்லாம் தட்டோடு எழும்பிப் போய் அடுத்தடுத்த வீட்டு அடுப்புகளில் இருந்துவிட்டது. எது யாருடையது என்று பிரித்துக் கொடுத்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. சத்தம் முன் இடது சக்கரத்தில் தகரப் பேணிக்குள் ஆணி குலுக்குவதுபோலத் தொடங்கும். காலி வீதிக்கு ஏறியதும் ஆட்டுக்கல் உருளும். மூன்றாவது கியரில் ரயில் கூவும், அதை நம்பி ஸ்ரேசனுக்கு ஓடி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். ஹம்சிகாவுக்கு வயது நாற்பத்தொன்று, உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிப்பவள், கலியாணமாகாதவள். படிப்பு, வேலை, வீடு எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆரோ ஒரு மாமா தீர்மானித்துவிட, தன் பாட்டில் அவள் பார்த்துப் பிடித்து வாங்கிய ஒரே பொருள் இந்தப் பழைய ஜப்பான் கார்தான்.

அவள் அதைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனாள். அங்கே கராஜ் வைத்திருந்த ஸ்ரான்லியை ஊரெல்லாம் பாஸ் என்றுதான் கூப்பிடும். நீளமான ஸ்குரூட்ரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தாரென்றால், எந்த ஆணி எத்தனை சுற்று இளகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் பக்கத்தில் வந்ததும் கார் வாயை மூடிக்கொண்டது. போனில் பதிந்து வைத்திருந்த சத்தமும் அவர் காதருகே கொண்டுபோனதும் ஊமையாகிவிட்டது.

"சத்தம் ஒண்ணும் இல்லியே, ரீச்சர்" என்றார் பாஸ், மிகவும் மரியாதையாக.

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?" என்று கேட்டுவிட்டு, கண் கலங்கியதை மறைக்க அவள் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

திரும்பி வரும்போது கொட்டாஞ்சேனைச் சந்தி தாண்டியதுமே ஆணிப் பேணி தொடங்கியது. அந்தக் கிழமையே தொடர்மாடிச் சங்கத் தலைவர் நாகேந்திரம் கடிதம் கொடுத்தார்: மார்கழி முடிவதற்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கார் வளவை விட்டுப் போகவேண்டும். அதைக் கேள்விப்பட்ட ஸ்ரான்லிக்கு ரோசம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து, கராஜ் திறக்குமுன், முதல் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து இடது பக்க ஆசனத்தில் ஏறிக்கொண்டார். தெகிவளைப் பாலம் வரை போய்த் திரும்புவார்கள். பெல்ட்டை மாற்றினார், புஷ் மாற்றினார், நாலு ஷொக் அப்சோபரையும் கழற்றிப் பூட்டினார். கார் பால் குடித்த பூனை மாதிரி ஓடியது. அவர் மீன் வைத்த மாலு பாண் கொண்டுவருவார், அவள் பிளாஸ்கில் பிளேன்ரீ. கார் அவர் பஸ் ஏறியதும் கத்தத் தொடங்கும். ஹம்சிகா சைவ சமயத்தவள் என்றாலும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்ச் சத்தம் நிற்க வேண்டுமென்று மெழுகுதிரி கொளுத்தினாள். நாலு மாதம் போனபின் நிற்கக் கூடாதென்று கொளுத்தினாள்.

மார்கழியின் கடைசி ஞாயிறு, காலி வீதியில், பிழை பிடிபட்டதா என்று அவள் கேட்டாள்.

"பிடிபடல, ரீச்சர். ரெண்டு மாசமா தேடவும் இல்ல" என்றார் ஸ்ரான்லி, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "கண்டுபிடிச்சிட்டா நான் பொறகு எதுக்கு வாறது?"

நடுவீதியில் கார் நின்றுவிட்டது. அவள்தான் கிளச்சை விட்டுவிட்டாள். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளின.

அன்று பின்னேரமே சங்கக் கூட்டம். காலையில் நடந்ததை ஹம்சிகா ஒளிக்காமல் சொன்னாள். யாழ்ப்பாணத்துப் பெண், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வேதக்காரர். ஊரிலுள்ள அத்தனை பேரின் சாதி சனமும் விரல் நுனியில் வைத்திருந்த இரண்டாம் மாடி மயிலம்மா குதிக்கப்போகிறா என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த மனுசன் இருந்தா சத்தமில்லைத்தானே, பிறகென்ன கதை?" என்றா மயிலம்மா. காரின் அமைதியை முன்னிட்டுத் திரு. ஸ்ரான்லி மூன்றாம் மாடியில் ரீச்சர் வீட்டில் நிரந்தரமாக வசிக்க வேண்டும் என நாகேந்திரம் முன்மொழிய, மயிலம்மா வழிமொழிய, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம். மாமா வரவில்லை. பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஆறு வருடமாகிறது. ஸ்ரான்லி கராஜுக்குப் போனபின் கார் கத்தும். ஆட்கள் இடியப்பத் தட்டின் மேல் அம்மிக்குழவியை வைத்துவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்ப்பார்கள். கலியாணத்துக்குப் பிறகு எல்லை கொஞ்சம் நீண்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் பம்பலப்பிட்டியைத் தாண்டினாலே கார் அடங்கிவிடுகிறது.

போன கார்த்திகை மழையில் கொழும்பு வெள்ளத்தில் நின்றது. பொழுதுபட்டும் ஸ்ரான்லி வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை. ஹம்சிகா கீழே போய்க் காரை ஸ்ராட் செய்துவிட்டு உள்ளே குந்தியிருந்தாள். கட்டடம் அதிர்ந்தது, சுவர்ப் படங்கள் விழுந்தன, ஆட்கள் எடுத்துத் திரும்ப மாட்டினார்கள். மயிலம்மா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இறங்கி வந்து பக்கத்து ஆசனத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டா. ஒன்றரை மணித்தியாலம் அப்படியே கத்திய கார், ஏழு பத்துக்குத் திடீரென்று அடங்கியது.

"பம்பலப்பிட்டி தாண்டியாச்சு" என்றா மயிலம்மா, பஞ்சை எடுத்தபடி.

ஹம்சிகா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். எஞ்சினை நிறுத்தவும் மறந்து, தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்க மாடிக்கு ஓடினாள்.